பதினாலு நாளும் நல்லாருக்கு

மிக்ஸியைப் பிரித்து அதன் மோட்டாரில் பொம்மைத் தேர் ஓட்டிய வெண்ணிலாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாரம் முழுக்க மஞ்சக்குட்டையில் அவர்கள் வீட்டில் மட்டும் சட்னி கிடையாது. ஜீப் ஓட்டும் அப்பா ஜெயபிரகாஷ் வெறும் இட்லியைத் தின்றுகொண்டே கத்தினார். அம்மா காமாட்சி தேர் ஓடுவதை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு கண்ணு" என்றாள்.

காமாட்சி எதற்கும் அப்படித்தான். வெள்ளக்கடையிலிருந்து வரும் நாத்தனார் கண்ணம்மாள் உப்பை அள்ளிக் கொட்டிக் குழம்பு வைத்தாலும் நல்லாருக்கு. கல்யாண நாளுக்குப் புருஷன் எடுத்து வந்த, கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சைப் புடவையும் நல்லாருக்கு. பிறந்த வீட்டில் இரண்டு அண்ணிகளுக்கு நடுவில் வளர்ந்தபோது கற்றுக்கொண்ட வித்தை அது. சண்டை வராமல் ஒரு நாள் கழிய வேண்டுமானால் அந்த ஒரு வார்த்தை போதும் என்று அவள் கண்டு வைத்திருந்தாள்.

அந்த வார்த்தை இந்தச் சனிக்கிழமை மகளின் தலையில் வந்து விடியும் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

ஏற்காடு டவுனில் ஒரு பள்ளியில் சனிக்கிழமை தோறும் நடக்கும் வகுப்பைப் பற்றிச் சொல்லியிருந்தேன். மலையிலுள்ள பள்ளிகளில் எல்லாம் பரீட்சை வைத்துப் பதினைந்து பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். சிறப்புத் திறன் மாணவர் வகுப்பு என்று வாசலில் தாள் ஒட்டியிருக்கும். உள்ளே இருக்கிற பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் உடைக்கிற கிளாஸ். ஏழாம் வகுப்பு வெண்ணிலா அதில் ஒருத்தி.

சாரா டீச்சர் போட்ட வேலை இதுதான். வீட்டில் யாராவது ஒருவருக்கு இருக்கிற ஒரு கஷ்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் குறைக்க ஒரு பொருள் செய்து, பதினாலு நாள் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். தினமும் சாயங்காலம் அவர் சொல்வதை அவர் சொன்னபடியே நோட்டில் எழுத வேண்டும். பதினைந்து பேரில் ஆறு பேர் மே மாதம் கோயமுத்தூரில் ஐந்து நாள் முகாமுக்குப் போவார்கள். அங்கே நிஜமான பட்டறை உண்டு, துளை போடும் மெஷின் உண்டு, பற்றவைக்கவும் சொல்லித் தருவார்கள். அந்த நோட்டீசை வெண்ணிலா ஒரு மாதமாகத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள்.

அவள் செய்தது மிதிகொக்கி. காமாட்சி தங்கள் ஒரு ஏக்கரில் காப்பிப் பழம் பறிக்கும்போது, உயரத்துக் கிளையை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் பறிப்பாள். சாயங்காலம் இடது தோள் தூக்க வராது. வெண்ணிலா கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, கிளைப் பட்டை உரியாதபடி சைக்கிள் ட்யூப் சுற்றி, கயிறு கட்டி, கயிற்றின் அடியில் ஒரு சின்னப் பலகை மாட்டினாள். கிளையில் கொக்கியைப் போட்டுப் பலகையை மிதித்தால் கிளை தானாக வளையும். இரண்டு கையும் சும்மா இருக்கும்.

அதைச் சோதித்தவர் நேரில் வந்து செய்து காட்ட வேண்டும் என்ற டீச்சரின் சீட்டோடுதான் போன வாரம் நாம் பிரிந்தோம்.

இன்று காலை காமாட்சி அந்தக் கிளிப்பச்சைப் புடவையையே எடுத்துக் கட்டினாள். இடுப்பில் பழைய புடவைக் கரையில் கிழித்த ஒரு பட்டையைச் செருகினாள். தோட்டத்துக்குப் போகிற பழக்கத்தில் கை தானாகச் செய்தது.

"அது என்னம்மா?"

"தலைக்குக் கட்டறது கண்ணு. பனி அடிக்குதில்ல."

வெண்ணிலா அதற்கு மேல் கேட்கவில்லை. கொக்கியை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜீப்பில் ஏற்கெனவே ஏழு பேர் இருந்தார்கள். ஜெயபிரகாஷ் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரனை அடித்துவிட்டு, பின்னால் திரும்பாமலே பேசினார்.

"என்ற பொண்ணு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்குதுங்க. பதினாலு நாள் இவங்கம்மா வெச்சுப் பறிச்சா. ஒரு குறை சொல்லோணுமே. ஒண்ணு கூட இல்லீங்க. பொறந்த நேரம் அப்புடி."

பாதி வழியில் எஸ்டேட் கேட்டருகே இரண்டு பேர் கை காட்டினார்கள். ஒருவர் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் ஆரோக்கியதாஸ். இன்னொருவன் அவர் மகன் ஜெப்சன், வெண்ணிலாவின் வகுப்புத் தோழன். ரைட்டரின் முதுகில் ஒரு குடை கட்டியிருந்தது. மழையில் நின்று எழுதும்போது இரண்டு கையும் வேண்டும் என்பதற்காக ஜெப்சன் செய்த முதுகுக் குடை. அதை மடக்கி அவரை உள்ளே ஏற்ற மூன்று பேர் இறங்க வேண்டியிருந்தது.

"பதினோரு குறை எழுதியிருக்கேன் தம்பிக்கு" என்றார் ரைட்டர், உட்கார்ந்ததும். "ஜீப்புல ஏற முடியலைங்கறதை இப்பச் சேத்தா பன்னெண்டு."

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

ஜெப்சன் வெண்ணிலாவின் காதில் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஜீப்புக்கே கேட்கும்படி பேசினான். "உன்ற நோட்டுல ஒண்ணுமே இல்லையாமே. என்ன பண்ணப் போற? மூணு குறையாச்சும் இருந்தாத்தான் முகாம்னு டீச்சர் சொன்னாங்கல்ல."

"மெதுவாப் பேசுடா. சோதிக்கறவங்களுக்கு அது தெரியக் கூடாது. தெரிஞ்சா இல்லாத குறையெல்லாம் சொல்லுவாங்கன்னுதானே டீச்சர் சொல்ல வேண்டாம்னாங்க."

"நீயே மூணு எழுதிக்கோ. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

காமாட்சிக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

அவள் மடியிலிருந்த கொக்கியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பதினாலு சாயங்காலம் மகள் நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்து, "ஏதாச்சும் குறை இருக்காம்மா?" என்று கேட்டது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பதினாலு தரமும் அவள் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தாள். பிள்ளை மனசு கோணக் கூடாதே என்று சொன்னது. அந்த வார்த்தையால்தான் பிள்ளைக்கு முகாம் கை நழுவப் போகிறது என்றால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்.

"கண்ணு" என்று ஆரம்பித்தாள்.

"குறையே இல்லீங்க" என்று முன்னாலிருந்து ஜெயபிரகாஷ் புதிதாக ஏறிய ஒருவரிடம் முதலிலிருந்து தொடங்கினார். காமாட்சி வாயை மூடிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் பெரிய ஹால். அம்மாக்கள், அப்பாக்கள், ஒரு பையனின் தாய்மாமன், ஒரு கன்றுக்குட்டி. கன்றுக்குட்டி யாருடைய சோதனை என்று கடைசி வரை எனக்கும் தெரியவில்லை. ஜெயபிரகாஷ் ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு, சவாரி இருக்கிறது, மதியம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

ரைட்டர் ஆரோக்கியதாஸ் முதுகுக் குடையை விரித்தபடி கம்பீரமாக நடந்து வந்து, ஹால் கதவில் மாட்டிக்கொண்டார். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. ஜெப்சன் ஓடிப்போய்க் கம்பியை மடக்கி அப்பாவை விடுவித்தான்.

"பதிமூணு" என்றார் ரைட்டர்.

சாரா டீச்சர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. முப்பது வயதுக்குள் இருக்கும் அவருக்கு. கணக்கு டீச்சர், ஆனால் கையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர். ஜெப்சனின் நோட்டை அவர் வரி விடாமல் படித்தார். கஞ்சி குடிக்கக் குனிந்தபோது எதிரில் இருந்தவரின் தொப்பி பறந்தது வரை ரைட்டர் குண்டு குண்டாக எழுதி, கீழே தேதியோடு கையெழுத்தும் போட்டிருந்தார். அதில் நான்கு குறையை ஜெப்சன் சரிசெய்திருந்தான். டீச்சர் நோட்டின் மேல் பச்சைப் புள்ளி வைத்தார். பச்சைப் புள்ளி என்றால் கோயமுத்தூர்.

அடுத்தது வெண்ணிலா.

அவள் ஜன்னல் கம்பியில் ஒரு சவுக்குக் கிளையைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். காமாட்சி கொக்கியைப் போட்டாள், பலகையை மிதித்தாள், கிளை சமர்த்தாகக் குனிந்தது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். ஹால் முழுக்கக் கைதட்டியது. வெண்ணிலாவின் காது மடல் சிவந்துபோயிற்று.

டீச்சர் நோட்டைத் திறந்தார்.

"முதல் நாள், நல்லாருக்கு. ரெண்டாம் நாள், நொம்ப நல்லாருக்கு. மூணு, நல்லாருக்கு." பக்கத்தைப் புரட்டினார். "ஏழாம் நாள் மழை. மழையிலயும் நல்லாருக்கு. பதினாலாம் நாள் வரைக்கும் இதேதான்."

"ஆமாங்க டீச்சர். நான் தினமும் கேட்டேன். குறையே வரலை" என்றாள் வெண்ணிலா. குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"நான் புதுச் செருப்பு வாங்கினாலே ரெண்டு நாள் கடிக்குது வெண்ணிலா. இது கம்பியும் பலகையும். பதினாலு நாள் ஒரு தடவை கூடக் கடிக்கலையா?" டீச்சர் கோபமாகக் கேட்கவில்லை. "குறை இல்லாத நோட்டை நான் அனுப்ப முடியாது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். குறையைத் தேடாம ஒரு பொருளை நல்லாருக்குன்னு எப்படி நம்பறது?"

பிறகு காமாட்சியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. ஏதாச்சும் தொந்தரவு இருந்துச்சா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் காமாட்சி எழுந்தாள். ஜீப்பிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். இருபத்தைந்து வருஷப் பழக்கம் ஒரு நிமிஷத்தில் விடுமா.

"நல்லா... நல்லாருக்குங்க" என்றாள்.

சொன்னதும் அவளுக்கே தன் வாயில் ஒரு அடி போடலாம் போலிருந்தது. வெண்ணிலா தலையைக் குனிந்துகொண்டாள். அழவில்லை, ஆனால் சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது அவள் அழுகையை அடக்குகிற முறை என்று பெற்றவளுக்குத் தெரியும்.

டீச்சர் நோட்டை மூடினார்.

"சரி. காப்பிச் செடியிலயே ஒரு தடவை பாத்துரலாம். வாங்க."

பள்ளிக்குப் பின்னால், மதிலை ஒட்டிய சரிவில் பத்துப் பதினைந்து காப்பிச் செடிகள் கிளை வெட்டிக் கவாத்துச் செய்யாமல் வளர்ந்து கிடந்தன. உச்சியில் மட்டும் பழம் பாக்கி. காலைப் பனி இன்னும் காயவில்லை. பிள்ளைகள் வழுக்கியும் பிடித்தும் இறங்கிச் சுற்றி நின்றார்கள். ரைட்டர் குடையோடு மேலேயே நின்றுகொண்டார்.

காமாட்சி ஒரு செடிக்குக் கீழ்ப் பக்கம் போய் நின்று கொக்கியைக் கிளையில் போட்டாள். பலகை அவள் இடுப்பு உயரத்தில் தொங்கியது. அவ்வளவு உயரத்துக்குக் காலைத் தூக்கி எப்படி மிதிப்பது?

யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. வெண்ணிலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹாலில் சரியாக இருந்த கயிறு இங்கே எப்படிக் கட்டையாகிப் போனது என்று விழித்தாள்.

காமாட்சி யோசிக்கவில்லை. செடியைப் பார்த்ததும் அவள் கை தோட்டத்துக்குப் போய்விட்டது. இடுப்பிலிருந்த புடவைப் பட்டையை உருவினாள். பலகையைக் கயிற்றிலிருந்து கழற்றினாள், பட்டையைக் கயிற்றின் பாதியில் முடிந்தாள், பட்டையில் ஏற்கெனவே போட்டிருந்த மூன்று முடிச்சுகளில் கடைசி முடிச்சில் பலகையை மாட்டினாள். மதிலோரம் கிடந்த சாக்கில் ஒரு துண்டைக் கிழித்துப் பலகையில் சுற்றினாள். மிதித்தாள். கிளை வளைந்து வந்தது. இரண்டு கையாலும் பழத்தை உருவ ஆரம்பித்தாள்.

ஆறேழு பழம் பறித்த பிறகுதான் சுற்றிலும் சத்தமே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"அம்மா" என்றாள் வெண்ணிலா. "அது என்னது?"

காமாட்சி அப்படியே நின்றாள்.

"தலைக்குக் கட்டறதுன்னியே."

காமாட்சி முந்தானையால் பட்டையை மறைக்கப் பார்த்தாள்.

"எப்ப இருந்து இப்புடிக் கட்டறே?"

"ரெண்டாம் நாள்ல இருந்து சாமி."

"சாயங்காலம் நான் பாக்கறப்போ ஒரு நாளும் இது இல்லையே."

"ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அவுத்துருவேன். நீ செஞ்சு குடுத்த மாதிரியே கொண்டாந்து வெச்சிருவேன்."

தினமும் காலையில் மாற்றிக் கட்டி, தினமும் சாயங்காலம் பழையபடி அவிழ்த்து வைத்திருக்கிறாள். பதிமூன்று நாள். கேட்டுக்கொண்டிருந்த அம்மாக்களில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது புதிதாகத் தெரியவில்லை போலும்.

"அப்ப எல்லாம் பொய்யா?" வெண்ணிலாவுக்குக் குரல் உடைந்தது. "பதினாலு நாளும் பொய்யா சொன்னே? நான் அதை அப்படியே எழுதினேன்."

காமாட்சி பலகையிலிருந்து காலை எடுத்தாள். கிளை விருட்டென்று மேலே போய், பழங்கள் நாலாபுறமும் சிதறின. ஒன்று டீச்சரின் கண்ணாடியில் பட்டது. யாரும் கவனிக்கவில்லை.

"நான் என்ன பண்ணுவேன் சாமி" என்றாள். "உன்னைப் பத்திச் சொல்லறதுக்கு நாலு தரம் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்புட்டாங்க. ஃபேன் சுவிட்சைக் கழட்டிட்டா, கடிகாரத்தைக் கழட்டிட்டான்னு நாலு தரமும் தலையைத் தொங்கப் போட்டுட்டு வந்தேன். மொதல் தடவையா ஒருத்தங்க கூப்புட்டு, உங்க புள்ளைக்கு நொம்ப நல்ல மூளைங்கன்னு சொன்னாங்க. அன்னைக்கு நீ சோறு கூடத் திங்காம எனக்குன்னு உக்காந்து இதைச் செஞ்சே. அதுல போயி எனக்குக் கால் எட்டலை, வழுக்குதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிளிப்பச்சை முந்தானையில் காப்பிப் பழத்தின் சாறு ஒட்டியது.

வெண்ணிலா மூக்கை உறிஞ்சினாள். வருத்தம் இருந்தது, உண்மைதான். ஆனால் அவள் கண் அம்மாவின் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அந்தப் பட்டைக்குப் போய்விட்டது. மிக்ஸியைப் பார்க்கிற அதே பார்வை. மெதுவாக அருகில் போய் அதைக் கையில் எடுத்தாள்.

"மூணு முடிச்சு எதுக்கு?"

"செடிக்கு மேல் பக்கம் நின்னா மொத முடிச்சு. கீழ் பக்கம் நின்னா கடைசி. பக்கவாட்டுல நின்னா நடுவுல."

"மேல நின்னா கயிறு நீளமாயிருது. கீழ நின்னா பத்தாது." வெண்ணிலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "நான் இதை எங்கே அளந்தேன்?"

"நம்ம காப்பி காயப்போடற களத்துல."

சிமெண்டுக் களம். மலையிலேயே பிறந்து, பள்ளிக்கூடத்துக்கு ஏறி இறங்கி, பந்து விளையாடினால் பந்தைப் பள்ளத்தில் தேடி வளர்ந்த பெண். அவள் மஞ்சக்குட்டையிலேயே சமமாக இருக்கிற ஒரே இடத்தில் நின்று காப்பி பறிக்கும் கருவிக்கு அளவெடுத்திருக்கிறாள். அது புரிந்ததும் வெண்ணிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே சிரித்தாள். ஜெப்சன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள்.

"அம்மா, இது நொம்ப நல்லாருக்கு" என்றாள் பட்டையைத் தூக்கிக் காட்டி. "நான் நிஜமாச் சொல்றேன், உன்னை மாதிரி இல்லை."

காமாட்சிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தன் கை வேலையை இப்படி யாரும் தூக்கிப் பிடித்துச் சொன்னதில்லை.

"வேற என்ன குறை? எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாம."

மடை திறந்துகொண்டது. ஈரத்தில் பலகை வழுக்குகிறது, அதனால்தான் சாக்கு. கொக்கி கனம், கழுத்தில் மாட்டினால் குத்துகிறது, தோளில் மாட்டினால் நழுவுகிறது. கயிறு நீல நிறம், புல்லில் போட்டால் தெரிகிறது, அது மட்டும் பரவாயில்லை. எல்லாவற்றையும் விட மோசம், காலை எடுத்ததும் கிளை எகிறிப் பழத்தைக் கொட்டிவிடுகிறது. ஒரு நாள் கன்னத்தில் அடித்துவிட்டது.

"வேலியில கீறிருச்சுன்னு சொன்னியே, அதா?"

"அதுதான்."

வெண்ணிலா மேல் மூச்சு வாங்க எழுதிக்கொண்டிருந்தாள். "அதுக்கு என்ன பண்ணினே?"

"அதுக்கு எனக்கு வழி தெரியலை கண்ணு. பதிமூணு நாளா யோசிக்கறேன்."

மற்ற பதினாலு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வழி சொன்னார்கள். ஒருவன் பாறாங்கல்லைக் கட்டச் சொன்னான். ஒருத்தி கிளையையே வெட்டிவிடலாம் என்றாள். ரைட்டர் மேலிருந்து தன் குடை ஸ்பிரிங்கைக் கழற்றித் தருவதாகச் சொன்னார். ஜெப்சன் பதறிப்போய் அப்பாவிடம் ஓடினான்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மதிய மணி அடிக்கும் வரை நேரம் கொடுத்தார். தாயும் மகளும் மதிலோரம் உட்கார்ந்து வேலை செய்தார்கள். பட்டைக்குப் பதிலாக, டீச்சர் கொடுத்த நீளக் கயிற்றில் மூன்று வளையம் போட்டார்கள். வெண்ணிலா வளையத்தைச் சின்னதாகப் போட்டாள். காமாட்சி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஞாபகம் வந்தவளாக, "அது பத்தாது கண்ணு. கை வெறைச்சிருக்கறப்போ மாட்ட வராது" என்றாள். சொல்லிவிட்டு மகளின் முகத்தைப் பயத்தோடு பார்த்தாள். வெண்ணிலா, "சரி" என்று அவிழ்த்துப் பெரிதாகப் போட்டாள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

மூன்று இடத்தில் நின்று பார்த்தார்கள். மூன்றிலும் கால் எட்டியது. எகிறுகிற கிளை மட்டும் எகிறியது.

"இந்தப் பதினாலு நாளை அழிக்க வேண்டாம்" என்றார் டீச்சர் நோட்டை நீட்டி. "அதுவும் நடந்ததுதான். பதினஞ்சாம் நாளை அம்மாவே எழுதட்டும்."

எட்டாவது வரை படித்தவள் காமாட்சி. பேனாவைப் பிடித்துப் பல வருஷம் ஆயிற்று. நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி எழுதினாள். *நல்லா இல்லை. கிளை அடிக்குது. சரி பண்ணோணும்.* கீழே பெயர் போட்டாள்.

டீச்சர் அதைப் படித்துவிட்டு விண்ணப்பத் தாளை எடுத்தார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் வெண்ணிலா என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, அதே வரியில் காமாட்சி என்றும் எழுதினார். நோட்டின் மேல் பச்சைப் புள்ளி வைத்தார்.

"பாதியை அவங்க கண்டுபிடிச்சிருக்காங்க. மீதிக் குறையை அங்கே பட்டறையில பாத்துக்கலாம். ஆனா ரெண்டு பேரும் வரணும் வெண்ணிலா. நீ மட்டும் போனா திரும்பக் களத்துலதான் அளப்பே."

வெண்ணிலா அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். சரிவில் குதித்ததால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கிளிப்பச்சைப் புடவை பின்பக்கம் முழுக்கச் செம்மண் ஆயிற்று. கோயமுத்தூருக்கு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்டுபிடித்தவளாக. காமாட்சி அதைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மதியம் ஜீப் வந்தபோது அதில் வேறு சவாரி இல்லை. விஷயத்தைக் கேட்டதும் ஜெயபிரகாஷ் நிறுத்தாமல் ஹாரன் அடித்தார். மனைவியின் பெயரும் தாளில் இருப்பதைக் கேட்டு இன்னொரு முறை அடித்தார்.

காமாட்சி ஏறி உட்கார்ந்து மூச்சு விட்டாள்.

"ஏனுங்க. இந்த ஜீப்புப் படி நொம்ப ஒயரங்க."

"என்னது?"

"பதிமூணு வருசமா முட்டி நோவுதுங்க. சொன்னதில்லை."

ஜெயபிரகாஷ் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். சொன்னது காமாட்சிதானா என்று அவருக்குச் சந்தேகம். வெண்ணிலா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"தீபாவளிக்கு நான் கிண்டின கேசரி?"

"அடி புடிச்சிருந்துச்சு."

"அந்தப் பச்சைப் புடவை?" என்று கேட்டுவிட்டு ஜெயபிரகாஷ் தாமே, "வேண்டாம், அதைச் சொல்லாதே" என்றார். மூவரும் சிரித்தார்கள். வண்டி வளைவுகளில் ஏறி இறங்கிப் போயிற்று. வெயில் நன்றாக அடித்தது. வழியெல்லாம் களங்களில் காப்பி காய்ந்துகொண்டிருந்தது.

"எப்ப முகாம்?" என்றார் ஜெயபிரகாஷ்.

வெண்ணிலா தாளைப் பார்த்துத் தேதியைச் சொன்னாள். ஜெயபிரகாஷின் கை ஹாரனிலிருந்து இறங்கியது.

"சேர்வராயன் கோயில் திருவிழா அந்த வாரந்தானே வருது. வெள்ளக்கடை அக்கா ஊட்டு ஜனம் பதினோரு பேரும் வந்துருவாங்க. வருசா வருசம் நீதானே ஆக்கிப் போடறே. நீ இல்லீன்னா அக்கா என்ன நெனைக்கும்?" அவர் யோசித்தார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, நிஜமாகவே வழி தேடினார். "புள்ளை போயிட்டு வரட்டும். கூட வேற யாராச்சும் வருவாங்கன்னு டீச்சர்கிட்டச் சொல்லிரலாம். நீ அடுத்த வருசம் போலாம். என்ன காமாச்சி, நல்ல ரோசனைதானே?"

வெண்ணிலா அம்மாவைப் பார்த்தாள். அவள் கை சட்டையின் கடைசிப் பொத்தானுக்குப் போயிற்று.

காமாட்சி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக வரும் அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"நல்லா இல்லீங்க" என்றாள்.

ஜெயபிரகாஷ் வண்டியை ஓரம் கட்டினார். வெண்ணிலா பொத்தானை விட்டுவிட்டு நோட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில் தேதி போட்டாள்.